ஹேண்டில்பாரில் ஒரு வழிகாட்டி: வாசகர் கேள்வி, கடைக்காரர் பதில்

இருபத்திரண்டு வருஷம் மருந்து கம்பெனி ரெப்பாகச் சேலம், நாமக்கல், தருமபுரி மூன்று மாவட்டத்தையும் பைக்கில் அளந்தவன் நான். அந்தக் காலத்தில் என் ஜிபிஎஸ் ஒரு நாற்பது பக்க நோட்டுதான். எந்த ஊரில் எந்த டாக்டர், எந்தப் புளியமரத்தில் திரும்பணும், மழை பெய்தால் எந்தத் தரைப்பாலம் மூழ்கும், எல்லாம் பென்சில் கோடாக அதில் இருக்கும். இப்போது சேலம் நாலு ரோடு பக்கம் வண்டிச் சாமான் கடை வைத்திருக்கிறேன். தினமும் நாலைந்து போன் ஹோல்டராவது மாட்டிவிடுகிறேன். வண்டியில் ஜிபிஎஸ் பற்றிக் கேளுங்கள் என்று போன இதழில் எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதி, ‘எந்த ஹோல்டர் நல்ல ஹோல்டர்?’ என்றுதான் கேட்டிருந்தன. அதற்குப் பதில் கடைசிவரை வராது. கடைக்காரன் சொன்னால் விளம்பரம் ஆகிவிடும்.

புதிதாக 350 சிசி வண்டி எடுத்திருக்கிறேன். மே மாதம் நண்பர்கள் நாலு பேர் சேலத்திலிருந்து ஊட்டி, மசினகுடி வழியாக மைசூர் போகிறோம். தனி ஜிபிஎஸ் கருவி வாங்கவா, போனே போதுமா?
– வங்கி ஊழியர், ஆத்தூர்

போனே போதும் தம்பி. ஆனால் நீங்கள் தினமும் பேசுகிற, படம் எடுக்கிற நல்ல போனை மாட்டாதீர்கள். வீட்டு அலமாரியில் பழைய போன் ஒன்று தூங்கிக்கொண்டிருக்குமே, அதை எழுப்புங்கள்.

காரணம் கேமரா. இப்போது வருகிற விலை கூடிய போன்களில், கை நடுங்கினாலும் படம் நடுங்காமலிருக்க லென்ஸைச் சின்னக் காந்தங்களுக்கு நடுவே மிதக்க விட்டிருக்கிறார்கள். நம் வண்டியோ பெரிய ஒற்றை சிலிண்டர். அந்த அதிர்வு ஹேண்டில்பார் வழியாக மணிக்கணக்கில் நேரே அந்த லென்ஸுக்குப் போகும். ஆப்பிள் நிறுவனமே 2021 செப்டம்பரில் இதை எழுத்தில் சொல்லிவிட்டது: சக்தி வாய்ந்த மோட்டார் சைக்கிள் எஞ்சினின் அதிர்வில் ஐபோனை நேரடியாக மாட்ட வேண்டாம், சின்ன ஸ்கூட்டர் என்றாலும் அதிர்வு தாங்கும் ஹோல்டர் போட்டு மாட்டுங்கள் என்று. எனக்கு இது தெரிவதற்குள் ஒரு போன் போய்விட்டது. ஏற்காட்டுக்கு நாலு தடவை போய் வந்த பிறகு எடுத்த படமெல்லாம் தண்ணீருக்கடியில் எடுத்த மாதிரி நெளிந்தது. மகள் கல்யாண நிச்சயதார்த்தப் படங்கள் அதில்தான் எடுத்தோம். அதற்கு மேல் கேட்காதீர்கள்.

தனிக் கருவியைக் குறை சொல்லவில்லை. 2020-இல் வந்த கார்மின் ஜூமோ எக்ஸ்டி மாதிரியானவை வண்டிக்கென்றே செய்தவை. ஐந்தரை அங்குலத் திரை, கையுறையோடு தொடலாம், உச்சி வெயிலிலும் படம் தெரியும், மழைக்குப் பயப்பட வேண்டாம். மாதக்கணக்கில் லடாக், ஸ்பிட்டி என்று சுற்றுகிறவர்களுக்கு அது சரி. வருஷத்தில் இரண்டு முறை ஊட்டி போகிறவருக்கு அந்தக் காசில் நல்ல ரெயின்கோட்டும் டயரும் வாங்கலாம்.

உங்கள் வண்டியிலேயே வட்டமாக ஒரு குட்டித் திரை இருக்கிறதா பாருங்கள். ராயல் என்ஃபீல்டு 2020-இல் மீட்டியார் வண்டியோடு கொண்டுவந்த ட்ரிப்பர் அது. போன் பாக்கெட்டில் கிடக்கும், ப்ளூடூத்தில் அம்புக்குறியும் தூரமும் மட்டும் அந்தத் திரைக்கு வரும். ‘முழு மேப் காட்டலியே’ என்று பையன்கள் முகம் சுளிப்பார்கள். எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது. அறுபது கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது இரண்டு நொடி திரையைப் பார்த்தால் வண்டி முப்பத்து மூன்று மீட்டர் ஓடியிருக்கும். மூன்று பஸ்ஸை வரிசையாக நிறுத்திய நீளம், கண்ணை மூடிக்கொண்டு ஓட்டிய கணக்கு. அம்புக்குறியைப் பார்க்க அரை நொடி போதும்.

இப்போது வழிக்கு வருவோம். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு மேப் உங்களைத் தலைக்குந்தாவில் திருப்பிக் கல்லட்டி வழியாக இறங்கச் சொல்லும், ஏனென்றால் கூடலூர் சுற்றிப் போவதில் பாதித் தூரம்கூட இல்லை. முப்பத்தாறு கொண்டை ஊசி வளைவு, செங்குத்து இறக்கம். பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போய் விபத்து நடந்த ரோடு. வெளியூர் வண்டிகளை அங்கே கீழே இறங்க விடுவதில்லை. செக்போஸ்ட்டில் திருப்பி அனுப்புவார்கள். ‘மேப் காட்டுச்சு சார்’ என்று காவலரிடம் போனை நீட்டிப் பிரயோஜனம் இல்லை. கூடலூர் வழியாகவே போங்கள். அதோடு மே மாதம் சீசன். மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறுவதற்குக் குன்னூர் வழி, இறங்குவதற்குக் கோத்தகிரி வழி என்று ஒருவழியாக்குவார்கள். அன்றைக்குக் காலையில் போலீஸ் வைத்த தடுப்புக் கம்பி போனுக்குத் தெரியாது. ஊட்டிக்குப் போவதற்கான இ-பாஸ் விவரத்தையும் கிளம்புமுன் பார்த்துவிடுங்கள். மசினகுடி தாண்டி மைசூர் போகிற பந்திப்பூர் காட்டு ரோடு இரவு ஒன்பது மணிக்கு மூடினால் காலை ஆறு மணிக்குத்தான் திறக்கும். மேப் சொல்கிற ‘போய்ச் சேரும் நேரம்’ எட்டரை என்றால், நீங்கள் நடுவில் குடிக்கப்போகிற மூன்று டீயை அது கணக்கில் சேர்க்கவில்லை என்று புரிந்துகொள்ளுங்கள்.

மழையில் போன் திரை தானாக ஓடுகிறது. ஒரு தடவை வாடிக்கையாளருக்குத் தானாகவே போன் போய்விட்டது. என்ன செய்ய?
– உணவு டெலிவரி செய்பவர், கோவை

திரைக்கு உங்கள் விரலும் மழைத்துளியும் ஒன்றுதான். இரண்டிலும் மின்சாரம் பாயும், தொட்டால் அதன் மின்புலம் மாறும், அதை வைத்துத்தான் தொட்டதைக் கண்டுபிடிக்கிறது. ஜிப் வைத்த பிளாஸ்டிக் பை நல்லதுதான், ஆனால் உள்ளே வேர்த்துப் பனி படியும்; சார்ஜில் வேறு போட்டிருந்தால் போன் சுடும். என் கடைக்கு வருகிற டெலிவரிப் பையன்கள் செய்வதைச் சொல்கிறேன்: மழை பிடித்ததும் முகவரியைப் போட்டு, ஒலியை முழுக்கக் கூட்டி, திரையைப் பூட்டி, போனைச் சட்டையின் உள் பாக்கெட்டில் போட்டுக்கொள்கிறார்கள். பூட்டிய பிறகும் குரல் வந்துகொண்டிருக்கும். கடைசி நூறு மீட்டருக்கு மட்டும் ஏதாவது கடைத் தாழ்வாரத்தில் நின்று பார்த்தால் போதும். தாமதத்துக்குக் காசு பிடிப்பார்கள் என்பீர்கள். தெரியும். கீழே விழுந்தால் அதைவிட அதிகம் பிடிக்கும்.

கொல்லிமலைக்கு மாற்றலாகி வந்திருக்கிறேன். பாதி மலையில் சிக்னல் போய்விடுகிறது. டவர் இல்லாத இடத்தில் ஜிபிஎஸ் வேலை செய்யாதா?
– பள்ளி ஆசிரியை, செம்மேடு

வேலை செய்யும் டீச்சர். எங்கள் கடையில் மாதம் பத்துப் பேராவது இதைக் கேட்கிறார்கள்.

ஜிபிஎஸ்ஸுக்கும் செல்போன் டவருக்கும் சம்பந்தம் இல்லை. பூமிக்கு மேலே சுமார் 20,200 கிலோமீட்டரில் சுற்றுகிற செயற்கைக்கோள்கள், ‘நான் இன்னார், இந்த இடத்தில் இருக்கிறேன், இப்போது மணி இவ்வளவு’ என்று சதா சொல்லிக்கொண்டே இருக்கும். கோயில் ஸ்பீக்கர் மாதிரி. கேட்கிறவன் பதில் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் போன் காதால் கேட்பதோடு சரி. ஒவ்வொரு குரலும் எவ்வளவு தாமதமாக வந்தது என்பதை வைத்துத் தூரம் கணக்குப் போடும். குறைந்தது நாலு செயற்கைக்கோள் கேட்டால் இடம் தெரிந்துவிடும். மூன்று போதாதா என்று பிள்ளைகள் கேட்பார்கள், நீங்கள் ஆசிரியை ஆயிற்றே. நாலாவது, போனின் மலிவான கடிகாரத்தைத் திருத்துவதற்கு. நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு தப்பினாலே முந்நூறு மீட்டர் தள்ளிக் காட்டும்.

அமெரிக்க ஜிபிஎஸ் போக ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டூ எல்லாவற்றையும் இப்போதைய போன்கள் கேட்கின்றன. நம் இஸ்ரோவின் நாவிக்கைக் கேட்கும் போன்களும் உண்டு. முன்பெல்லாம் அமெரிக்க ராணுவம் பொதுமக்களுக்கான சிக்னலில் வேண்டுமென்றே பிழை கலந்து வைத்திருந்தது. 2000 மே மாதம்தான் நிறுத்தினார்கள். அதற்கு முன் இந்தக் கருவி நம்மை ஆத்தங்கரையில் இறக்கியிருக்கும்.

சிக்னல் போனதும் உங்கள் போனில் காணாமல் போவது இடம் இல்லை, படம். நீல வட்டம் வெற்றுத் திரையில் நகர்ந்துகொண்டிருக்கும். அதனால் நாமக்கல்லிலோ சேலத்திலோ வைஃபை இருக்கும்போதே மலை முழுவதையும் போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். மேப்பில் உங்கள் படத்தைத் தொட்டால் ‘ஆஃப்லைன் மேப்’ என்று வரும். ஒன்று கவனியுங்கள்: ஆஃப்லைனில் அது கார் போகிற வழியைத்தான் சொல்லும், நெரிசலும் காட்டாது. கொல்லிமலையில் அதனால் பெரிய நஷ்டமில்லை.

இன்னொரு விஷயம் நீங்களே பார்த்திருப்பீர்கள். காரவள்ளியிலிருந்து சோளக்காடு வரை எழுபது கொண்டை ஊசி. ஒரு வளைவின் கீழ் ரோடும் மேல் ரோடும் மேலிருந்து பார்த்தால் சில அடி தூரம்தான். ஒரு பக்கம் மலை மறைக்கிறது, பாதி வானம்தான் தெரிகிறது, பாறையில் பட்டுத் திரும்பி வருகிற சிக்னல் வேறு. அதனால் நீல வட்டம் நாற்பத்து நாலாம் வளைவிலிருந்து நாற்பத்தைந்துக்குத் தாவும், உடனே திரும்பி வரும். மேப்பில் பேசுகிற அந்தம்மாவும் பதறிப்போய் ‘யூ-டர்ன் எடுக்கவும்’ என்பார். எடுத்துவிடாதீர்கள். அந்த ரோட்டில் வளைவு எண்ணைச் சுவரிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள், அதைப் பார்த்தாலே போதும்.

நான் ரெப்பாக இருந்தபோது மழைக்காலத்தில் ஒருநாள் அதே மலையில் மூடுபனியில் மாட்டிக்கொண்டேன். ஹெட்லைட் போட்டால் வெள்ளைத் துணியைத் தொங்கவிட்ட மாதிரி. பின்னால் வந்த அரசு பஸ் டிரைவர் கண்ணாடியை இறக்கி, ‘என் பின்லைட்டைப் பிடிச்சுக்கிட்டே வாப்பா’ என்றார். இன்றைக்கும் மூடுபனியில் நான் அதைத்தான் செய்கிறேன், கையில் எந்தக் கருவி இருந்தாலும்.

கத்திப்பாராவில் மட்டும் மேப் குழப்புகிறது. நான் மேலே இருந்தால் கீழே என்கிறது.
– கல்லூரி மாணவர், சென்னை

எல்லாருக்கும்தான். ஜிபிஎஸ் பக்கவாட்டில் சொல்வதைவிட உயரத்தைச் சொல்வதில் மோசம். மேம்பாலமும் அடிரோடும் அதற்கு ஒரே கோடு. 2024-இல் கூகுள் மேப்பில் மேம்பாலத்தில் ஏறணுமா வேண்டாமா என்று முன்கூட்டிச் சொல்கிற வசதி இந்திய நகரங்களுக்கு வந்தது, ஓரளவு பரவாயில்லை. ஆனால் கத்திப்பாராவுக்குள் நுழைந்த பிறகு போனை நம்பாதீர்கள். ஐம்பது மீட்டர் முன்னாலேயே பச்சைப் பலகையைப் படித்து லேனைப் பிடித்துவிடுங்கள். தப்பிவிட்டால் தப்பினதுதான், நேரே போய் அடுத்த திருப்பத்தில் வரலாம். பாலத்தின் நடுவில் காலை ஊன்றி நின்று போன் பார்க்கிற தம்பிகளைக் கண்டால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

மேப்புக்காக வண்டியில் யூஎஸ்பி சார்ஜர் மாட்டினேன். ஒரு வாரம் ஊருக்குப் போய்விட்டு வந்தால் செல்ஃப் எடுக்கவில்லை. பேட்டரி புதுசு.
– ஆட்டோ உதிரிபாகத் தொழிற்சாலை ஊழியர், ஓசூர்

பேட்டரியைத் திட்டாதீர்கள். மாட்டினவர் உங்கள் சார்ஜரை நேரே பேட்டரியில் கொடுத்திருக்கிறார். பாதிக் கடையில் அப்படித்தான் செய்கிறார்கள், ஐந்து நிமிஷ வேலை. போன் சொருகாவிட்டாலும் அந்தச் சார்ஜரில் சின்ன விளக்கு எரியும், உள்ளே இருக்கிற சர்க்யூட் விழித்திருக்கும். இருபது மில்லி ஆம்பியர் இழுக்கிறது என்று வையுங்கள், ஒரு நாளைக்கு அரை ஆம்பியர்-மணி போய்விடும். நூறு, நூற்றுப்பத்து சிசி வண்டிகளில் மூன்று ஆம்பியர்-மணி பேட்டரிதான் இருக்கிறது. ஆறே நாளில் சுத்தமாகக் காலி.

சாவி போட்டால் மட்டும் கரண்ட் வருகிற ஒயரிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். அதைவிட நல்லது, சின்ன ரிலே (கரண்ட்டில் இயங்குகிற சுவிட்ச்) ஒன்று போட்டு, சாவி ஒயரை ரிலேவைத் தட்டி எழுப்ப மட்டும் வைத்து, கரண்ட்டைப் பேட்டரியிலிருந்தே தனியாக எடுப்பது. பேட்டரிப் பக்கத்திலேயே ஃப்யூஸ் கட்டாயம் இருக்கணும். பத்து வாட் சார்ஜர் பன்னிரண்டு வோல்ட்டில் ஒரு ஆம்பியர்தான் இழுக்கும், இரண்டு ஆம்பியர் ஃப்யூஸ் தாராளம். ஃப்யூஸ் இல்லாமல் போட்ட ஒயர் ஹேண்டில் திரும்பித் திரும்பித் தேய்ந்து ஃப்ரேமில் பட்டால் புகை வரும். கருகின ஒயர்க்கட்டு ஒன்றை எச்சரிக்கைக்காகவே என் கல்லாப்பெட்டி மேல் தொங்கவிட்டிருக்கிறேன். ஒயர் விட்ட பிறகு ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பாருங்கள், எங்கேயாவது இழுக்கிறதா என்று. இன்சுலேஷன் டேப்பை மட்டும் சுற்றிவிட்டால் நம் வெயிலில் பிசின் உருகி அவிழ்ந்துவிடும். சூடு காட்டினால் சுருங்கிப் பிடிக்கிற குழாய் இருக்கிறது, விலை ஒன்றும் பெரிதில்லை.

வெயில் என்றதும் ஞாபகம் வருகிறது. 35 டிகிரிக்கு மேல் பயன்படுத்த வேண்டாம் என்று ஐபோன்காரர்கள் போட்டிருக்கிறார்கள். சித்திரையில் நம் ஊரில் அது காலைப் பத்து மணி. வெயில், முழு வெளிச்சத்தில் திரை, சார்ஜ், கறுப்பு உறை நாலும் சேர்ந்தால் போன் முதலில் சார்ஜை நிறுத்தும், பிறகு மங்கும், பிறகு அணைந்தே போகும். அறுபது சதவீதத்துக்கு மேல் இருந்தால் சார்ஜரைப் பிடுங்கிவிடுங்கள்.

போனை ஹோல்டரில் மாட்டியிருந்தால் போலீஸ் அபராதம் போடலாமா?
– எலக்ட்ரீஷியன், திண்டுக்கல்

ஹோல்டரில் மாட்டி வழி பார்ப்பது குற்றமில்லை. 2019 திருத்தத்தில் மோட்டார் வாகனச் சட்டம் 184-ஆம் பிரிவில், ஓட்டும்போது கையில் போன் வைத்துப் பயன்படுத்துவதும் ஆபத்தாக ஓட்டுவதில் சேர்ந்துவிட்டது. முதல் தடவைக்கே ஆயிரத்திலிருந்து ஐயாயிரம் வரை அபராதம், சிறைத் தண்டனையும் உண்டு. பிறகு 2020 அக்டோபர் முதல் தேதி அமலுக்கு வந்த விதித் திருத்தம், வழி பார்ப்பதற்கு மட்டும், கவனம் கெடாத விதத்தில் பயன்படுத்தலாம் என்றது. ‘கவனம் கெடாத’ என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இடது கையில் போன், வலது கையில் ஆக்ஸிலேட்டர் என்று போனீர்களானால் மேப் பார்த்தேன் என்ற சமாதானம் நிற்காது. ஹெல்மெட்டுக்கும் காதுக்கும் நடுவே போனைச் செருகிக்கொண்டு போகிறவர்களுக்கு நான் வக்காலத்து வாங்கமாட்டேன். ஹெல்மெட்டுக்குள் ஒட்டுகிற ப்ளூடூத் ஸ்பீக்கர் கிடைக்கிறது, அதையும் ஒரு பக்கத்துக்கு மட்டும் ஒட்டிக்கொள்ளுங்கள். லாரி ஹாரன் காதில் விழணும்.

நைட் டூட்டி முடிந்து ஸ்கூட்டரில் வரும்போது மேப் என்னை வாய்க்கால் கரை மண் ரோட்டில் விட்டுவிட்டது. விளக்கும் இல்லை, ஆளும் இல்லை, பயந்து திரும்பி வந்துவிட்டேன். ஏன் இப்படிச் செய்கிறது?
– செவிலியர், தஞ்சாவூர்

நீங்கள் இருசக்கர வாகன வழியைத் தேர்ந்தெடுத்திருப்பீர்கள் அம்மா. 2017 டிசம்பரில் கூகுள் அதை இந்தியாவுக்கென்றே முதலில் கொண்டுவந்தது. கார் நுழையாத சந்து, குறுக்கு வழி எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்குப் போட்டு நாலு நிமிஷம் மிச்சம் என்று காட்டும். பகலில் அது வரம். இரவில் அந்த நாலு நிமிஷம் யாருக்கு வேண்டும்? இரவுக்கு மட்டும் கார் படத்தைத் தொட்டு வழி கேளுங்கள். பெரும்பாலும் தார் ரோட்டில், பஸ் போகிற பாதையில் கூட்டிப்போகும். வீட்டில் ஒருவருக்கு உங்கள் இருப்பிடத்தை ஒரு மணி நேரத்துக்குப் பகிர்ந்துவிட்டுக் கிளம்புங்கள். மேப் ரோடு இருக்கிறது என்று சொன்னாலும் கண்ணுக்கு ரோடு இல்லையென்றால் கண்ணை நம்புங்கள். 2024 நவம்பரில் உத்தரப் பிரதேசம் பரேலி பக்கம், வெள்ளத்தில் பாதி அடித்துப்போன பாலத்தில் மேப் பார்த்துக் கார் ஓட்டி ராமகங்கா ஆற்றில் விழுந்து மூன்று பேர் இறந்தார்கள். பாலம் போன செய்தி வரைபடத்துக்குப் போய்ச் சேரவில்லை, குறுக்கே ஒரு தடுப்பும் வைக்கவில்லை. வாய்க்கால் கரையிலிருந்து நீங்கள் திரும்பி வந்தது சரிதான்.

டீக்கடையில் கேட்டுக் கேட்டே கன்னியாகுமரி வரை வண்டி ஓட்டினவன் நான். வயது 71. பேரன் போனை மாட்டிவிட்டான், அது இங்கிலீஷில் பேசுகிறது. தமிழில் பேசுமா?
– ஓய்வுபெற்ற தபால்காரர், காரைக்குடி

பேசும் ஐயா, 2018-லிருந்தே பேசுகிறது. மேப் செட்டிங்ஸில் குரல் என்ற இடத்தில் தமிழ் என்று மாற்றித் தரச் சொல்லுங்கள். ஊர்ப் பெயரை மட்டும் அது கொஞ்சம் கடித்துத் துப்பும். எங்கள் அயோத்தியாப்பட்டணத்தை அது சொல்வதைக் கேட்டு, பின்னால் உட்கார்ந்திருந்த என் வீட்டம்மா ஹெல்மெட்டோடு என் முதுகில் முட்டிச் சிரித்தாள்.

டீக்கடையை விட்டுவிடாதீர்கள். ஆற்றில் தண்ணீர் வருகிறதா, திருவிழாவுக்கு ரோட்டை அடைத்திருக்கிறார்களா என்பதெல்லாம் அங்கேதான் தெரியும். தூரத்தை மட்டும் அங்கே கேட்காதீர்கள். ‘இதோ பக்கத்துலதான்’ என்று சொன்ன இடத்துக்கு ஒருதடவை அரூர்ப் பக்கம் பதினோரு கிலோமீட்டர் ஓட்டியிருக்கிறேன், ரிசர்வில்.